பெரிய மேசை வாங்கவும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். வணக்கம் மட்டும் சொல்லிடாதீங்க. கோவமெல்லாம் இல்லீங்க. அந்த வார்த்தையாலதான் என்ற பதவி போச்சு.

கட்சிப் பதவி இல்லீங்க, அதைவிடப் பெரிசு. விசைமன்றம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? பரவால்ல. கம்ப்யூட்டர்ல சந்தேகம்னா தமிழ்லயே கேட்டுத் தெரிஞ்சுக்கற இணையதளம். நீங்க கேள்வியை எழுதிப் போடலாம், விஷயம் தெரிஞ்சவங்க பதில் எழுதுவாங்க. அந்த விஷயம் தெரிஞ்சவங்கள்ல மொத ஆளு நாந்தான். என்ற பேரு தெய்வசிகாமணி. அங்க கணிக்கோ. கணினிக்கு அரசன்னு அர்த்தம். நானே வெச்சுக்கிட்டது. கரூர்ல பெட்ஷீட் ஏத்துமதி பண்ற கம்பெனி ஒண்ணுல சிஸ்டம்ஸ் பாக்கறேன். கம்பெனியில என்னை ‘பிரிண்டர்காரரே’ன்னு கூப்பிடுவானுங்க. மன்றத்துல கணிக்கோ. எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க.

எந்தக் கேள்வி இருக்கலாம், எதைத் தூக்கலாம், யாரை வெளிய தள்ளலாம், எல்லாம் என்ற கையில. மட்டுறுத்துநர்னு அதுக்குப் பேரு. வாயில நுழையாது. ஆனா பேருக்குப் பக்கத்துல பச்சை நட்சத்திரம் ஒண்ணு நிக்கும் பாருங்க, அதைப் பாத்துட்டுத்தான் நான் காலையில காப்பியே குடிப்பேன்.

நான் வளவளன்னு பதில் எழுத மாட்டேன். ஒருத்தன் ‘ஃபைலைக் காணோம்’னு எழுதுனான். ‘போலீஸ்ல புகார் கொடுக்கவும்’னு போட்டேன். இன்னொருத்தன் ‘என் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை’ன்னான். ‘அப்படியானால் இதை எதில் டைப் செய்தீர்கள்?’ அவன் செல்லுல டைப் பண்ணுனானாம். பண்ணட்டுமே, அதுக்காக நல்ல பதிலை விட முடியுமா? பழைய ஆளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. புதுசா வந்தவங்கதான் சிரிக்க மாட்டாங்க. போயிடுவாங்க. நகைச்சுவை உணர்ச்சி கம்மி.

அந்தச் சமயத்துலதான் நீலமயில்ங்கற பேர்ல ஒரு அம்மா வந்து சேந்துச்சு. மொதக் கேள்வி என்ன தெரியுங்களா? ‘ஐயா, மவுஸை நகர்த்திக்கொண்டே போகிறேன். மேசை முடிந்துவிட்டது. அம்பு இன்னும் திரையின் ஓரத்துக்குப் போகவில்லை. என்ன செய்வது?’

நான் போட்டேன்: ‘பெரிய மேசை வாங்கவும்.’

பாத்தீங்களா, நீங்களே சிரிக்கிறீங்க! அன்னிக்கு மன்றமே ரெண்டுபட்டுப் போச்சுங்க. அத்தனை சிரிப்பு பொம்மை என்ற பதிலுக்குக் கீழ. அதுக்கு நடுவுல நாகர்கோவில்ல இருந்து ரெஜினாள்னு ஒரு அக்கா. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க. வேற வேலை இல்ல போல. உக்காந்து எழுதியிருக்காங்க: ‘மக்கா, மவுசைக் கையால தூக்கி மேசை நடுவுல வையுங்க. தூக்கினா அம்பு நகராது, நின்ன எடத்துலயே நிக்கும். அப்புறம் மறுபடி நகத்துங்க. பயப்படாதீங்க. எனக்கும் மொத நாளு இதே கதிதான்.’

ஒரு மவுசுக்கு இம்மாம் பெரிய கதை. நகைச்சுவையே போச்சு.

சாயங்காலம் சாப்பிடறப்ப என்ற வீட்டுக்காரிகிட்ட இதைப் படிச்சுக் காட்டுனேன். பேரு லோகாம்பாள், லோகும்பேன். சாதாரணமா மன்றத்து விஷயமெல்லாம் அவகிட்டப் பேசறதில்ல, அவளுக்குப் புரியாது. இது யாருக்கும் புரியற ஜோக்காச்சேன்னு படிச்சேன். சிரிச்சா. சிரிச்சான்னுதான் நெனைக்கறேன், அந்தப் பக்கம் திரும்பிக் குழம்பு எடுத்துக்கிட்டிருந்தா. “அந்தப் பதிலைப் போட்டது நீங்கதானுங்களா?”ன்னு கேட்டா. “பின்ன வேற எவன் போடுவான்?”னேன். குழம்பை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் பாத்தா வீட்டுல கெடக்கற பழைய லேப்டாப்பு, டச்பேடு கெட்டுப் போச்சுன்னு மவுஸ் மாட்டி வெச்சிருப்பேன், எப்பவும் ஸ்டூல் மேல இருக்கும், அது சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்குது. “இது ஏன் இங்க வந்துச்சு?”ன்னேன். “இங்க காத்து நல்லா வருதுங்க”ன்னா. காத்து வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்.

லோகு கல்யாணத்துக்குச் சேலை மடிக்கறவ. பட்டுச் சேலையை முன்கூட்டியே மடிப்பு வெச்சு, தேச்சு, ஊசி குத்திப் பெட்டியில வெச்சுக் குடுத்துருவா. பொண்ணு எடுத்து அப்படியே சுத்திக்கலாம். இப்ப அதுக்கு நல்ல கிராக்கி. நான் இஸ்திரி வேலைன்னுதான் சொல்லுவேன், அவளுக்குக் கோவம் வரும். அதை வீடியோ எடுத்து நாலு பேர் பாக்கற மாதிரி போடணும்னு அவளுக்கு ஒரு ஆசை. சொன்னா. சொன்னான்னு நெனைக்கறேன்.

இங்க இந்த நீலமயில் விட்டபாடில்லீங்க. நாளுக்கொரு கேள்வி. ‘செல்லில் எடுத்த வீடியோ கம்ப்யூட்டரில் படுத்துக்கொண்டு வருகிறது. எப்படி நிமிர்த்துவது?’ நான் போட்டேன்: ‘நீங்களும் படுத்துக்கொண்டு பார்க்கவும்.’ ‘வீடியோவில் மிக்ஸி சத்தம் கேட்கிறது, எப்படி எடுப்பது?’ ‘மிக்ஸியை நிறுத்தவும்.’ எல்லாத்துக்கும் கீழ அந்த ரெஜினாள் அக்கா வந்து மக்கா, மக்கான்னு பக்கம் பக்கமா சொல்லிக் குடுக்கும். நீலமயில் ‘நன்றி அக்கா, வந்துவிட்டது’ன்னு போடும். எனக்கும் ஒரு நன்றி போடும்: ‘கணிக்கோ ஐயாவுக்கும் நன்றி.’ கிண்டல் பண்ணுனது புரியாத ஜென்மம்னு நெனைச்சுக்குவேன்.

இப்பிடிப் போயிட்டிருக்கறப்ப மன்றத்து ஓனர் யோகராசா என்னைக் கூப்பிட்டாரு. யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவுல இருக்காரு. நல்ல மனுஷன், ஆனா பயந்த சுபாவம். “அண்ணை, புதுசா வாற சனம் ஒரு கேள்வி கேட்டுட்டு ஓடுது. திரும்பி வருகுதில்லை. இப்பிடியே போனா நாங்கள் நாலு பேர்தான் எங்களுக்குள்ள கதைச்சுக்கொண்டு இருக்க வேணும்”ன்னாரு. “அந்த நாலு பேரும் தரமான ஆளுங்கதானுங்களே”ன்னேன். அவரு கேக்கல. இதைச் சரி பண்ற பொறுப்பை ரெஜினாள் அக்காகிட்டக் குடுத்துட்டாரு. அது போட்ட சட்டம் என்னங்கறீங்க? பதில் எழுதறவங்க மொதல்ல வணக்கம் சொல்லணும். ‘இதுகூடத் தெரியாதா’ன்னு கேக்கக் கூடாது. நூறு தடவை வந்த கேள்வியா இருந்தாலும், கேக்கறவருக்கு அது மொதத் தடவைன்னு நெனைச்சுப் பதில் சொல்லணும்.

கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கறதுக்கா நான் கம்ப்யூட்டர் படிச்சேன்?

சரி, சட்டம்னா சட்டம். கடைப்பிடிச்சேன். ஒருத்தர் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது, அது என்னவென்று நீங்கள் சொல்ல முடியுமா’ன்னு கேட்டாரு. நான் எழுதுனேன்: ‘வணக்கம். முட்டாள்தனமான கேள்வி. நன்றி.’

அதுக்குப் பஞ்சாயத்துங்க! வணக்கம் போட்டேனா இல்லையா? நன்றி வேற சேத்துப் போட்டேன், அது சட்டத்துலயே இல்ல. ஆனாலும் புகார். அந்த மனுஷன் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்தவராம், வாழ்க்கையில அவரை யாரும் முட்டாள்னு சொன்னதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்?

யோகராசா மீட்டிங் போட்டாரு. வீடியோ மீட்டிங். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நமக்கு, அவருக்குக் காலையில. புதுசா வந்தவங்க நாலஞ்சு பேரு மன்றத்துல அவங்களுக்கு நடந்ததைப் பேசுவாங்க, அப்பறம் என்ற நட்சத்திரம் இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணுவாங்க. முகம் காட்டக் கூச்சமா இருந்தா காட்ட வேண்டாம்னு அந்தக்கா சொல்லிருச்சு. நான் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு, படுக்கற ரூம்ல கதவைச் சாத்தி, காதுல ஹெட்போன் மாட்டி உக்காந்தேன். லோகுகிட்ட, “முக்கியமான மீட்டிங்கு. சத்தம் போடாத”ன்னேன். “எனக்கும் கொஞ்சம் வேலை இருக்குதுங்க. நீங்களும் சத்தம் போடாதீங்க”ன்னா. என்ன வேலைன்னு நான் கேக்கல.

ஹெட்மாஸ்டர் பேசுனாரு, அழாத குறை. அப்பறம் நீலமயில் பேசும்னாங்க. பேசுச்சு. “எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லீங்க...”

குரல் ரெண்டு தடவை கேக்குது தம்பி. ஹெட்போன்ல ஒரு தடவை. அதுக்குக் கொஞ்சம் முன்னால வெளிய இருந்து ஒரு தடவை. எனக்குத்தான் இந்தத் தொழில்நுட்பக் கோளாறெல்லாம் பாத்தவுடனே புடிபடுமே. மைக்கைப் போட்டுச் சத்தமாச் சொன்னேன்: “எக்கோ அடிக்குது. யாரோ ரெண்டு மைக்கை ஆன் பண்ணி வெச்சிருக்கீங்க. அடிப்படையே தெரியாம மீட்டிங்குக்கு வந்துடறாங்க!”

அப்பறம் ரெஜினாள் அக்கா மெதுவா, “மக்கா, கணிக்கோ சார் குரல் நீலமயில் மைக்குல இருந்தும் கேக்குதே?”ங்குது. யோகராசா, “ஓம், எனக்கும் கேக்குது”ங்கறாரு.

“அது எங்க வீட்டுக்காரருங்க”ன்னு நீலமயில் சொல்லுச்சு. “பக்கத்து ரூம்ல இருக்காரு.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. சிங்கப்பூர், துபாய், கனடா, நாகர்கோவில், அத்தனை ஊரும் கேட்டுக்கிட்டிருக்குது. யாரோ ஒருத்தன் மைக்கை அணைக்காமச் சிரிச்சான். லோகு நிறுத்தலீங்க. “நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போயிடறேனுங்க”ன்னா.

சொன்னா. “எங்க வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியுமுங்க. செல்லுல இருக்கற வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டு போறதுன்னு அவருகிட்டத்தான் மொதல்ல கேட்டேன். மவுஸை என்ற கையில இருந்து வாங்கி, டக்கு டக்குன்னு அவரே பண்ணிட்டுப் போயிட்டாரு. அடுத்த தடவை கேட்டா, அன்னிக்கே காட்டுனேனேங்கறாரு. அவரு காட்டல, செஞ்சாரு. ரெண்டும் வேறதானுங்களே? அதான் முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன். வந்தா, இங்கயும் அவரே இருக்காரு.”

என்ற கையில அவ மைக்கை அணைக்கற பட்டன் இருந்துச்சு தம்பி. அதிகாரம் அப்ப இன்னும் போகல. அமுக்கல. அமுக்கியிருந்தாலும் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கும்.

“அவரு பேசறது எனக்குப் பழக்கமுங்க. நான் போக மாட்டேன். ஆனா அந்த ஹெட்மாஸ்டர் ஐயா மாதிரி ஆளுங்க போயிருவாங்க. கேக்கறதுக்கே தைரியம் வேணுமுங்க. நான் அந்த மவுசுக் கேள்வியை எழுதி எழுதி அழிச்சு, மூணு நாள் கழிச்சுத்தான் போட்டேன்.” அவ்வளவுதான். கும்பிட்டாளோ என்னமோ, வளையல் சத்தம் மட்டும் ரெண்டு பக்கமும் கேட்டுச்சு.

முடிவை மறுநாள் சொல்றோம்னாங்க. மீட்டிங் முடிஞ்சதும் வெளிய வந்தேன். லேப்டாப்பை மூடி வெச்சுட்டு அவ பட்டுச் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கிட்டிருந்தா. “நாந்தான் கணிக்கோன்னு தெரிஞ்சதுக்கு அப்பறமும் எதுக்குடி அங்கயே வந்து கேட்ட?”ன்னேன்.

“அங்கதான் நீங்க பதில் சொன்னீங்க.”

“அது பதிலா? கிண்டல்.”

“கிண்டலோ என்னமோ. நான் எழுதுனதைக் கடைசி வரைக்கும் படிச்சிருந்தீங்கல்ல?” மடிப்பு கலையாம ஊசி குத்திக்கிட்டே சொல்றா. “வீட்டுல பாதிப் பேச்சுலயே எந்திரிச்சுப் போயிருவீங்க.”

நான் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டேன்.

அவங்க நட்சத்திரத்தைப் புடுங்கறதுக்கு முன்னால நானே விட்டுறலாம்னு முடிவு பண்ணுனேன். ‘விடைபெறுகிறேன்’னு நீளமா ஒரு பதிவு. மன்றம் எப்படி வளந்துச்சு, தரம் எப்படிக் கெட்டுச்சு, எல்லாம் எழுதி, கணிக்கோ இனி இல்லைன்னு முடிச்சேன். போகாதீங்கன்னு கெஞ்சுவாங்கன்னு பாத்தா, எல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கானுங்க. போறேங்கறவனுக்குக் கட்டை விரலா? ஹெட்மாஸ்டர் மட்டும் ‘வணக்கம். நன்றி’ன்னு போட்டிருந்தாரு. நடுவுல ஒண்ணும் போடல. பெரிய மனுஷன்.

நான் போனா மன்றம் படுத்துரும்னு நெனைச்சேன். படுக்கல. என்னமோ திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம் வருதுங்க. அதுலயும் பாருங்க, முதல் படின்னு புதுசா ஒரு பகுதி ஆரம்பிச்சு, ஒண்ணுமே தெரியாதவங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்லற ஆளா யாரைப் போட்டாங்கங்கறீங்க? நீலமயில்! பச்சை நட்சத்திரம் வேற. நேத்து வரைக்கும் மேசை பத்தலன்னு அழுதவ.

விடுவனா நான்? என்ன தெரியும் இவளுக்குன்னு சோதிக்கறதுக்காக வேற பேர்ல உள்ள போனேன். கத்துக்குட்டின்னு பேர் வெச்சுக்கிட்டேன். வேணும்னே மட்டமா ஒரு கேள்வி: ‘கம்ப்யூட்டரில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது. என்ன செய்வது?’ எப்படியும் முழிப்பான்னு பாத்தேன். பதில் வந்துச்சு. எந்தெந்த விசையைச் சேத்து அமுக்கணும், அமுக்கிக்கிட்டு என்ன பண்ணணும்னு ஒவ்வொண்ணா, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி. கடைசியில ஒரு வரி: ‘பொறுமையாகச் செய்யுங்கள். தப்பாகப் போனாலும் ஒன்றும் ஆகிவிடாது. மறுபடி கேளுங்கள்.’

தம்பி, நான் இந்த வேலைக்கு வந்ததுல இருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தையை என்கிட்ட யாரும் சொன்னதில்லீங்க. கம்பெனியில பிரிண்டர்ல ஒரு பேப்பர் சிக்குனா எம்.டி. என்ற பொறப்பைப் பத்திப் பேசுவாரு. தப்பாப் போனாலும் ஒண்ணும் ஆகாதாம். அதை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். எழுத்துப் பிழை ஏதாவது இருக்குதான்னு பாக்கத்தான்.

மறுநாளும் ஒரு கேள்வி போட்டேன். சோதனைன்னா ஒரு தடவையோட முடியுமா? அதுக்கடுத்த நாளும். வீடியோவுல பாட்டை எப்படிச் சேக்கறதுன்னு கேட்டேன். அது எனக்குத் தெரியாம இல்ல, மறந்திருந்தேன். அவ சொன்ன மாதிரியே பண்ணுனேன், வந்துருச்சு. ‘வந்துவிட்டது, நன்றி’ன்னு போட்டேன். அவ ஒரு பூ போட்டா. பூன்னா படம்தான். வீட்டுல இன்னிக்கு வரைக்கும் பேச்சு கம்மிதாங்க. சாப்பாடு வைக்கட்டுமா, வை. கேஸ் வந்துச்சா, வந்துச்சு. அங்க பாத்தா நான் பத்து வரி எழுதறேன், அவ இருபது வரி எழுதறா. ஒரு நாள் வெயில் ரொம்ப அதிகம்னு சும்மா எழுதி வெச்சேன், ‘மோர் குடியுங்கள் ஐயா’ன்னு வந்துச்சு. எந்திரிச்சுப் போனா மேசை மேல மோர் இருக்குது. வெயில் காலத்துல எந்த வீட்டுலதான் மோர் இருக்காது?

கண்டுபுடிச்சிருப்பாளாங்கறீங்களா? எங்க! வாய்ப்பே இல்ல. நான் எவ்வளவு ஜாக்கிரதை தெரியுங்களா? ஊரு திருநெல்வேலின்னு போட்டிருக்கேன். போன வாரம் கேளுங்க. ‘திரையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, சரிசெய்வது எப்படி’ன்னு கேட்டேன். வெளிச்சத்தைக் கூட்டறது, எழுத்தைப் பெரிசாக்கறது, எல்லாம் சொல்லிட்டுக் கடைசியில எழுதியிருந்தா: ‘இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். டிவி மேல் இருக்கிறது.’

போய்ப் பாத்தேன். டிவி மேலதான் இருந்துச்சு.

பொருத்தத்தைப் பாத்தீங்களா? ஒரு நிமிஷம் எனக்கே திக்குனு ஆயிருச்சு. அப்பறம் யோசிச்சேன். கண்ணாடியை ஜனங்க வேற எங்க வைப்பாங்க? பொதுவாச் சொல்லியிருப்பா. திருநெல்வேலியிலயும் டிவி மேலதான் வைப்பாங்க.

அக்கா வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போறேன் தம்பி. அவ வரல, முகூர்த்த நாளு, தலைக்கு மேல வேலை. சாயங்காலம் அங்க போய்ச் சேந்ததும் கேள்வி போடணும். ஒரு நாள் போடலன்னா கத்துக்குட்டி ஐயா நலமான்னு கேட்டு எழுதிடறா. ஆனா எனக்குக் கேள்வி தீந்து போச்சுங்க. தெரிஞ்சதை எல்லாம் தெரியாதுன்னு கேட்டு முடிச்சுட்டேன்.

நீங்க பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னுதானே ஏறறப்ப போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க? ஒரு நல்ல சந்தேகமாச் சொல்லுங்க. ரொம்பக் கஷ்டமா வேண்டாம், அவ பதில் தெரியாமத் திணறக் கூடாது. ஆனா சீக்கிரம் முடியற மாதிரியும் வேண்டாம்.